யாருடைய தறி?



"சார், அனிமேஷனும் கேமும் செய்யக் கத்துக்கணும். எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?" என்று பழைய மாணவர்கள் கேட்கிறார்கள். பலரும் கூலிக்கு நெய்கிற வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்காக இந்தச் சின்ன வரலாறு.

2000-இல் சென்னையின் பென்டாமீடியா நிறுவனம் 'பாண்டவாஸ்' என்ற முழுநீள அனிமேஷன் படத்தை எடுத்தது. அன்று அது பெரிய கம்பெனிகளுக்கே எட்டுகிற வேலை.

2002-இல் நெதர்லாந்தில் 'பிளெண்டர்' மென்பொருளை நடத்திய கம்பெனி மூடப்பட்டது. அதை உருவாக்கிய டான் ரோசண்டால், உரிமையை மீட்க மக்களிடம் நிதி கேட்டார். ஏழே வாரத்தில் 1,00,000 யூரோ சேர்ந்தது. அந்த அக்டோபர் முதல் அதன் மூலநிரலே எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. 2025-இல் ஆஸ்கர் வென்ற லாட்வியப் படம் 'ஃப்ளோ' அதில் செய்ததுதான்.

கேமுக்கு, அர்ஜென்டினாவில் பிறந்த 'கோடோ' இருக்கிறது. 2014 முதல் அதுவும் அப்படியே. 2023-இல் 'யூனிட்டி', கேம் எத்தனை முறை இன்ஸ்டால் ஆகிறதோ அந்தக் கணக்கில் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்புக்குப் பின் 2024-இல் கைவிட்டது.

ஆகவே பிள்ளைகளே, விலையை மட்டும் பார்க்காதீர்கள். நாளைக்கு விதியை மாற்றும் அதிகாரம் யாரிடம் என்றும் பாருங்கள். கோடோவில் ஒரு சின்ன 2டி கேமில் தொடங்குங்கள், பிறகு பிளெண்டர். சொந்தத் தறிக்கும் அடுத்தவர் தறிக்கும் உள்ள வித்தியாசத்தைக் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?