உலகத் தோற்றமும் அறிவியலின் எல்லையும்

உலகு ஒரு காலத்துத் தோன்றியதோ, தோற்றமின்றி என்றும் உள்ளதோ என்னும் வினா தத்துவ நூலார்க்கு மிகப் பழையது. பௌதிக நூலார்க்கோ புதியது. அதனைப் பௌதிக நூலுட் புகுத்தினாருள் தலைமை சான்றவர் ஜார்ஜ் லெமேத்ர் என்பார். பெல்ஜிய நாட்டில் 1894-இல் பிறந்து, 1923-இல் கத்தோலிக்கக் குருவாகிய இவர், கணிதத்தினும் வல்லுநர்.

அண்டம் விரிந்து வருகின்றது என ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைக் கொண்டு இவர் 1927-இல் காட்டினார். தொலைவு மிகுந்தோறும் விண்மீன் திரள்கள் அகலும் விரைவும் மிகுமென ஹபிள் 1929-இல் வெளியிட்டமையின் அக்கொள்கை வலிபெற்றது. விரிவதொன்று முன்னர்ச் சுருங்கியிருத்தல் வேண்டுமன்றே? ஆதலின், அண்டமனைத்தும் ஓர் ஆதியணுவினின்று பிரிந்து விரிந்தது என 1931-இல் இவர் உரைத்தார். அக்கட்டுரையின் கைப்படியில் இறைவனைக் குறித்தெழுதிய ஈற்றுப் பகுதியை அச்சேறுமுன் நீக்கிவிட்டமை ஈண்டு நோக்கத்தக்கது.

இருபதாண்டு கழிந்தன. 1951 நவம்பர் 22-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ், வானநூல் முடிபுகள் உலகம் படைக்கப்பட்டதென்பதற்குச் சான்றாவன என்னுங் கருத்துப்படப் பேசினார். குருவாகிய லெமேத்ர் இதற்கு மகிழ்வார் என்றே யாரும் எண்ணுவர், அவரோ உடன்பட்டிலர். மறுவருடம் வானநூலார் பேரவையிற் பேசியபோது பாப்பரசர் அக்கூற்றை மீட்டும் வலியுறுத்திலர். தம் கொள்கை சமய வினாக்கட்கு முற்றும் புறம்பானதென்றும், கடவுளை மறுப்பார்க்கும் அதனால் தடையில்லையென்றும் லெமேத்ர் 1958-இல் வெளிப்படையாகவே கூறினார். ஆதிவெப்பத்தின் எச்சமாகிய கதிர்வீச்சைப் பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர் கண்டறிந்த செய்தி 1965-இல் வெளிவந்தது. அதனைக் கேட்டறிந்தபின் 1966-இல் அவர் மறைந்தார்.

தம் கொள்கை வெற்றி பெறுங்கால் அதன் எல்லையை அவர் வரையறுத்தது என்னை? தொடக்கம் வேறு, படைப்பு வேறு என்பதனாலாம். குடத்தின் வரலாற்றை ஆராய்வான் பிசைந்த மண் வரையிற் செல்லலாம். மண்ணும் திகிரியும் உளவாயது எதனால் என்பது பிறிதொரு வினா. அங்ஙனமே அறிவியல், ஏறத்தாழ 1380 கோடி ஆண்டின் முன்னிருந்த நிலையைக் கொண்டு இன்றைய நிலையை விளக்கும். அம்முன்னிலையும் அதனை நடாத்தும் நியதியும் உளவெனக் கொண்டே அது தொடங்குகின்றது.

அற்றேல், வெறுமையினின்றே அண்டம் தோன்றுதல் கூடுமென விலென்கின் 1982-இல் கூறினாரன்றோ எனின், அவ்வெறுமையும் குவாண்டம் நியதிகட்கு உட்பட்டதாகவே கொள்ளப்பட்டது. நியதியுள்வழி அஃது ஏதுமின்மை ஆகாது.

ஆதலின், தொலைநோக்கியாற் கடவுளை நாட்டப் புகுவாரும், அதனாலேயே மறுக்கப் புகுவாரும் ஒருதன்மைத்தாகிய பிழையே செய்வர். தன் எல்லையறிந்து நிற்றல் அறிவியற்கு இழுக்கன்று. அதன் சொல்லை நம்புதற்கு அதுவே காரணமாம்.