இமாம் ஷாதிபீ (ரஹ்) பிறந்த ஊருக்கு ஒரு நாள்

நமது மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பணியின் பொருட்டு ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகருக்குச் செல்லவிருக்கிறார். இஷாத் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், எனக்கு ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. குர்துபாவும் கர்னாதாவும் தூரம். பக்கத்திலேயே நம்முடைய வரலாறு உள்ள ஊர் ஏதேனும் உண்டா?" என்று வினவினார். "ஷாதிபாவுக்குப் போய் வாருங்கள்" என்றோம். அவருக்குச் சொன்னவற்றை ஜமாஅத்தார் அனைவரும் அறியட்டும் என்றே இங்கு எழுதுகிறோம்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அரபுக் கல்லூரியில் ஏழு கிராஅத்துகளைக் கூறும் 'ஷாதிபிய்யா'வின் 1173 பைத்துகளோடு நாம் போராடிய நாள்களில், ஷாதிபீ என்பதை ஏதோ ஒரு குடும்பப் பெயர் என்றே எண்ணியிருந்தோம். அது ஓர் ஊரைக் குறிப்பது என்றும், அவ்வூர் இன்றும் ஷாதிவா என்னும் பெயரோடு மலையடிவாரத்தில் இருக்கிறது என்றும் பின்னாளில் அறிந்தபோது வெட்கமாகவே இருந்தது. நாம் ஓதும் ஹஃப்ஸ் ஓதல்முறையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் அந்த நூலின் வழியைத்தான் பின்பற்றுகின்றனர். ஓதுகிறோம், ஊரை அறியோம்!

இமாம் அவர்கள் ஹிஜ்ரி 538-ல் (கி.பி. 1144) அவ்வூரில் பிறந்தார்கள். கண்பார்வை இல்லாதவர்கள். உள்ளூரிலும் வலென்சியாவிலும் கிராஅத் கற்றுத் தேர்ந்தார்கள். அவர்கள் ஊரைவிட்டுப் போன காரணத்தை வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். குத்பா ஓதும் பொறுப்பை ஏற்குமாறு அவர்களை வற்புறுத்தினார்களாம். அக்காலக் கதீபுமார்கள் மிம்பரில் நின்று ஆட்சியாளர்களை அளவுக்கு மீறிப் புகழ வேண்டியிருந்தது. அதற்கு மனம் ஒப்பாத இமாம், தமக்கு ஹஜ் கடமையாகிவிட்டது என்று கூறிப் புறப்பட்டுவிட்டார்கள். மீண்டும் ஊர் திரும்பவேயில்லை. வாரந்தோறும் மிம்பரில் ஏறும் நம்மைப் போன்றோர் இச்செய்தியை எளிதாகக் கடந்து போக முடிவதில்லை. எகிப்தில் அல்காழீ அல்ஃபாழில் தமது மத்ரஸாவில் அவர்களை ஆசிரியராக அமர்த்தினார். ஹிஜ்ரி 590-ல் (கி.பி. 1194) கெய்ரோவில் வஃபாத்தானார்கள். ('அல்முவாஃபகாத்' எழுதிய கர்னாதாவின் ஷாதிபீ வேறொருவர், அவர் காலம் சுமார் 200 ஆண்டுகள் பிந்தியது. ஆலிம்களே சில வேளை இருவரையும் குழப்பிவிடுகின்றனர்.)

அவ்வூருக்குரிய பெருமை இவரோடு முடிவதில்லை. முவத்தாவுக்கு 'அத்தம்ஹீத்' என்னும் பேருரை தந்த இமாம் இப்னு அப்துல் பர்ரு (ரஹ்) ஹிஜ்ரி 463-ல், தமது 95-ஆம் வயதில், அங்கேதான் மறைந்தார்கள். குர்துபாவின் உள்நாட்டுக் குழப்பத்தால் அலைக்கழிந்த இப்னு ஹஸ்மு (ரஹ்), கி.பி. 1022 வாக்கில் அங்கே தங்கியிருந்தபோதுதான் 'தவ்குல் ஹமாமா'வை எழுதினார்கள். ஃபிக்ஹில் அவ்வளவு கடுமையான ஒருவர் அன்பைப் பற்றி அத்தகைய நூல் எழுதினார் என்றால் மாணவர்கள் இன்றும் நம்ப மறுக்கிறார்கள்.

இனி, காகிதம். ஐரோப்பாவில் மிக முற்பட்ட காலத்திலேயே காகிதம் செய்த ஊர்களில் ஷாதிபா தலையாயது. பழந்துணியை ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, சட்டத்தில் அள்ளி உலர்த்துவார்கள். 12-ஆம் நூற்றாண்டின் புவியியல் அறிஞர் அல்இத்ரீஸீ, இதற்கு நிகரான காகிதம் உலகில் இல்லை என்றும், கிழக்கிற்கும் மேற்கிற்கும் இங்கிருந்து அது செல்கிறது என்றும் எழுதினார். 1244-ல் அரகோன் மன்னர் முதலாம் ஜைமே ஊரைக் கைப்பற்றினார். அவருடைய அரசாங்கப் பதிவேடுகள் பின்னர் எழுதப்பட்டதும் ஷாதிபாவின் காகிதத்தில்தான். அவை இன்றும் பார்சிலோனா ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தோற்றவர் செய்த தாளில் வென்றவர் கணக்கு எழுதினார்!

பயணத்திற்கு வருவோம். வலென்சியாவிலிருந்து தொலைவு சுமார் 60 கிலோமீட்டர். ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். திங்கட்கிழமைகளில் கோட்டையும் அருங்காட்சியகமும் மூடியிருப்பது வழக்கம். ஞாயிறு என்பதால் அக்கவலை இல்லை. வெயில் ஏறுமுன் மலைமீதுள்ள கோட்டையை முடித்துவிட வேண்டும். இறங்கி வந்தால் பெரிய தேவாலயம். பள்ளிவாசல் இருந்த இடம் அதுவே. இன்றைய கட்டடத்தின் வேலை 1596-ல் தொடங்கியது. அடுத்தது அல்மோதீ அருங்காட்சியகம். தானிய அளவையைக் குறிக்கும் அரபிச் சொல்லே அப்பெயரானது. அங்கே 11-ஆம் நூற்றாண்டில் நம்மவர் செதுக்கிய பளிங்குத் தொட்டி ஒன்றுண்டு. அதில் மனித உருவங்கள் இருக்கின்றன. கண்டு திகைக்க வேண்டாம், அரண்மனைகளில் நடந்தவை எல்லாம் மார்க்கம் ஆகிவிடா.

அதே அருங்காட்சியகத்தில் மன்னர் ஐந்தாம் பிலிப்பின் ஓவியம் தலைகீழாகத் தொங்குகிறது. 1707-ல் அவர் படைகள் ஊரையே கொளுத்தின. ஊரின் பெயரும் மாற்றப்பட்டது. அந்த ஆத்திரம் ஊராருக்கு இன்னும் தீரவில்லை. ஆனால், 1525-ல் வலென்சியா முஸ்லிம்கள் மதம் மாறக் கட்டளையிடப்பட்டதும், அவர்களின் சந்ததியினர் மூன்றாம் பிலிப்பின் ஆணையால் 1609-ல் கப்பலேற்றப்பட்டதும் அதற்கு முன்பே முடிந்துவிட்டன. அந்தப் பிலிப்பைத் தலைகீழாக மாட்ட அங்கே நம்மவர் ஒருவரும் எஞ்சவில்லை.

உணவில் எச்சரிக்கை தேவை. அடுப்பில் சுடும் சோறு அவ்வூரின் சிறப்பு; அர்ரோஸ் என்னும் பெயர் அரபிச் சொல், பாத்திரத்தில் இருப்பதோ பன்றி இறைச்சி. ரொட்டியும் பழமும் கையில் கொண்டு போவதே நலம். தொழுகையில், நம்மூரில் மேற்கு நோக்கி நிற்கும் நாம் அங்கே கிழக்கிலிருந்து சற்றே தெற்காக நிற்க வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டோம்: கோட்டை மீது ஒரு ஃபாத்திஹா ஓதுங்கள். அந்தலுஸ் மக்களிடம் பரவியிருந்தது நாஃபிஃ (ரஹ்) அவர்களின் ஓதல். நாம் 'மாலிகி' என நீட்டுமிடத்தில் அவர்கள் 'மலிகி' என்று குறுக்குவார்கள். "அப்படியும் ஒருமுறை ஓதலாமா, ஹஜ்ரத்?" என்று அவர் கேட்டார். முறையாகக் கற்றால் ஓதலாம் என்றோம். நாளை முதல் ஃபஜ்ருக்குப் பின் வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்.