கயிற்றை இழுத்தால் யார் வருவார்?

பிறந்தபோது அது கயிறாக இல்லை. பருத்தி இழையாக இருந்தது. ஜப்பானில் சகிச்சி டொயோடா என்ற தச்சர் மகன் விசைத்தறியோடு மல்லுக்கட்டிய காலத்தில், நெசவுக்காரர்களின் பெரிய தலைவலி இழை அறுவதுதான். பாவில் ஓர் இழை அறுந்தது தெரியாமல் தறி ஓடிக்கொண்டே இருந்தால் முழக்கணக்கில் துணி பாழ். ஆகவே தறிக்குப் பக்கத்திலேயே ஆள் காவல் நிற்கவேண்டும். 1924-இல் அவர் முடித்த ஜி வகைத் தறியில் இழை அறுந்ததும் தறி தானே நின்றது. ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் அதன் காப்புரிமையை ஒரு லட்சம் பவுனுக்கு வாங்க முன்வந்தது. அந்தக் காலத்தில் சகிச்சியின் மகன் கீச்சிரோ கார் பக்கம் திரும்பினார்.

அறுந்த இழையைக் கார் ஆலைக்குள் கொண்டுபோனவர் தைச்சி ஓனோ. நூற்பாலையில் வேலை பழகி, 1943-இல் கீச்சிரோவின் டொயோட்டா கார் நிறுவனத்துக்கு மாறியவர். பழுதைக் கண்டால் தறியே நிற்கும்போது மனிதன் ஏன் நிற்கக்கூடாது என்பது அவர் கணக்கு. இப்படிப் பழுதைக் கண்டு நிற்கும் இயந்திரத்துக்கு டொயோட்டாவில் ஒரு சொல் உண்டு. ‘தானியங்கி’ என்ற ஜப்பானியச் சொல்லில் மனிதனைக் குறிக்கும் ஒரு கோட்டுருவைக் கூட்டி அதை எழுதுவார்கள். கார்கள் நகரும் வரிசையை ஒட்டி, தொழிலாளியின் கைக்கு எட்டும் உயரத்தில் கயிறு வந்தது. இழுத்தால் பலகையில் விளக்கு எரியும். காகித விளக்கின் பெயரான ‘ஆண்டான்’தான் அந்தப் பலகைக்கும் பெயர்.

கயிற்றை இழுத்ததும் ஆலை ஸ்தம்பித்துவிடும் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முதலில் விளக்கு எரிகிறது, ஒரு மெட்டு ஒலிக்கிறது, குழுத் தலைவர் ஓடி வருகிறார். வரிசை நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. அடுத்த வேலையிடத்தின் எல்லைக்கு வண்டி போய்ச் சேர ஏறக்குறைய ஒரு நிமிடம். அதற்குள் சரிசெய்துவிட்டால் மறுபடி ஒரு இழுப்பு, விளக்கு அணையும். முடியாவிட்டால்தான் வரிசை நிற்கும். அந்த ஒரு நிமிடத்தில் வந்து நிற்பதற்காகவே நான்கைந்து பேருக்கு ஒரு தலைவர் என்று சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். கயிறு மலிவு, வருகிற ஆள்தான் செலவு.

கலிபோர்னியாவின் ஃபிரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்று இருந்தது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் அங்கே சகஜம். எது நடந்தாலும் வரிசை நிற்கக்கூடாது என்பது எழுதாச் சட்டம். 1982-இல் மூடினார்கள். 1984-இல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து நும்மி என்ற பெயரில் திறந்தபோது, வேலைக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் பழைய தொழிலாளர்களே. பலரை ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கினார்கள். வேலைக்கு வராதவர்கள் நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தார்கள். அந்தப் பயிற்சியில் பங்கெடுத்த ஜான் ஷூக் 2010-இல் எழுதிய கட்டுரையில், மனப்பான்மையை மாற்றிவிட்டு நடத்தைக்குக் காத்திருக்கவில்லை, நடத்தையை மாற்றினோம், மனம் பின்னால் வந்தது என்ற பொருளில் சொல்கிறார். தர வாரம், தர உறுதிமொழி என்று சுவரொட்டி ஒட்டும் தலைவர்கள் இதைப் படிக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற ஆலைகளுக்குக் கயிறு எளிதில் போய்ச் சேரவில்லை. நும்மியை அங்குலம் விடாமல் படமெடுத்து அப்படியே செய்யச் சொன்ன மேலதிகாரியும் இருந்தார் என்று பின்னாளில் சொல்லப்பட்டது. ஓடி வருகிற குழுத் தலைவர் படத்தில் விழவில்லை போலும்.

மென்பொருளுக்குள் கயிறு வேறு உருவில் நுழைந்தது. 1996 வாக்கில் கிறைஸ்லர் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருளைச் சீர்செய்யப் போன கென்ட் பெக், ஒவ்வொருவர் எழுதும் நிரலையும் அடிக்கடி ஒன்றுசேர்த்து உடனே சோதிக்கும் பழக்கத்தை அங்கே ஊன்றினார். 2001-இல் குரூஸ் கன்ட்ரோல் என்ற கருவி வந்தபிறகு அந்த வேலையை அதுவே செய்தது. சில குழுக்கள் பச்சையும் சிவப்புமாக லாவா விளக்குகளை வைத்தன. சிவப்பு எரிந்தால் பில்ட் (ஒன்றுசேர்த்த மென்பொருள்) உடைந்திருக்கிறது, புது வேலையை நிறுத்திவிட்டு அதைப் பார். 2003-இல் மேரி, டாம் பாப்பெண்டீக் தம்பதி டொயோட்டாவின் முறைகளை மென்பொருளுக்கென்றே ஒரு நூலாக்கினார்கள்.

விளக்கு வந்துவிட்டது. ஆள்?

2012 ஆகஸ்ட் 1. நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வணிக நிறுவனம் அதற்குள் எட்டு சர்வர்களில் புது நிரல் ஏற்றவேண்டியிருந்தது. ஏழில் ஏற்றிய ஊழியருக்கு எட்டாவது விட்டுப்போயிற்று. இன்னொருவர் சரிபார்க்கும் நடைமுறை இல்லை. எட்டாவதில் 2003-லிருந்து பயன்படாத ஒரு பழைய நிரல் உறங்கிக்கொண்டிருந்தது. காலை 9.30-க்குச் சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டு, கண்மண் தெரியாமல் பங்குகளை வாங்கி விற்றது. சுமார் 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் போயிற்று. பதற்றத்தில் சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புது நிரலை எடுத்துவிட்டார்கள். நிலைமை இன்னும் மோசமானது.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் உத்தரவில் இருக்கிறது: சந்தை திறப்பதற்கு முன்பே, அந்தப் பழைய நிரலின் பெயரைச் சொல்லி 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. அவற்றை எச்சரிக்கை என்று யாரும் வகுத்து வைக்கவில்லை. வந்தால் படிக்கும் வழக்கமும் இல்லை. கயிறு 97 முறை இழுபட்டது, ஒருவரும் வரவில்லை. நிரல் ஏற்றிய ஊழியரைக் குறைசொல்லி என்ன பயன்? அந்த மின்னஞ்சல் வந்தால் எழுந்து ஓடவேண்டியது இன்னார் என்று மேலே இருந்தவர்கள் ஒருவரையும் நியமிக்கவில்லையே.

நம் ஊர் ஐ.டி. அலுவலகங்களில் பில்ட் சிவப்பானதும் கேட்கிற முதல் கேள்வி, “யாருப்பா உடைச்சது?” இரண்டு முறை அப்படிக் கேட்டால் போதும். மூன்றாம் முறை சிவப்பைப் பார்ப்பவர் கழுத்தைத் திருப்பிக்கொள்வார், அல்லது தோற்கும் டெஸ்டைச் சத்தமில்லாமல் முடக்கிவிட்டு வீட்டுக்குப் போவார். “என்ன ஆச்சு, நானும் வந்து பாக்கறேன்” என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும் மேலாளரின் குழுவில் சிவப்பு அடிக்கடி எரியும். மாதாந்திர அறிக்கையில் அந்தக் குழு மோசமாகத் தெரியும் என்பதையும் சொல்லவேண்டும். அந்த அறிக்கையை வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவர் இன்னும் மேலே தேவைப்படுகிறார்.

அமேசானின் வாடிக்கையாளர் சேவையிலும் கயிறு இருக்கிறது. ஒரு பொருளைப் பற்றிப் புகார் திரும்பத் திரும்ப வந்தால், தொலைபேசியில் பேசுகிற ஊழியரே அதை விற்பனையிலிருந்து இறக்கி வைக்கலாம்.

நும்மி 2010-இல் மூடப்பட்டது. அந்தக் கட்டடத்தில் இப்போது டெஸ்லா கார்கள் உருவாகின்றன. 2014 வாக்கில் டொயோட்டாவே தன் ஆலைகளில் தலைக்கு மேலே ஓடிய கயிறுகளை அவிழ்க்கத் தொடங்கியது. இடுப்பு உயரத்தில் மஞ்சள் பொத்தான் வந்தது. அதை அமுக்கினாலும் குழுத் தலைவர் வருகிறார்.