குந்துபயிற்சியில் கால்வலியும் தசைச் சமனின்மையும்

குந்துபயிற்சி என்பது இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றையும் ஒருசேர மடக்கி உட்கார்ந்து எழும் உடற்பயிற்சி. தண்டாலோடு சேர்த்துச் சொல்லப்படும் பஸ்கி, பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணம், ஜிம்மில் தோளில் பார்பெல்லைத் தாங்கிச் செய்யும் ஸ்குவாட் எல்லாம் இதன் வடிவங்கள். ஒரு காலில் மட்டும் வலிப்பது, எழும்போது இடுப்பு ஒரு பக்கம் சாய்வது, ஒரு தொடை மற்றதைவிடச் சீக்கிரம் களைத்துப்போவது ஆகியவை இதில் பரவலாகக் காணப்படும் தொல்லைகள். மூன்றுக்கும் தசைச் சமனின்மைதான் காரணம் என்று சட்டெனச் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் பல சமயம் வலி முதலில் வருகிறது, சமனின்மை அதைத் தொடர்கிறது. முட்டிக்குள் நீர் கோத்தால் நரம்பு மண்டலம் தொடையின் முன்தசையைத் தானாகவே அடக்கிவிடும். வலிக்கும் காலைக் காப்பாற்ற உடல் மற்றக் காலின்மீது பாரத்தைத் தள்ளும். சில வாரங்களில் தொடை மெலிந்து தெரியும்.

எழுவதற்கான விசையைப் பெரும்பாலும் தொடையின் முன்தசையும் புட்டத்தின் பெருந்தசையும் தருகின்றன. ஆழமாக உட்கார்ந்தால் உள்தொடைத் தசையும் சேர்ந்துகொள்ளும். முட்டிச் சில்லு தொடையெலும்பின்மீது அழுத்தும் விசை, முட்டி சுமார் 90 பாகை மடங்கும்வரை கூடிக்கொண்டே போகிறது. சில்லைச் சுற்றியோ அதன் பின்னாலோ மந்தமாக வலித்து, படி இறங்கும்போதும் நெடுநேரம் உட்கார்ந்திருக்கும்போதும் அதிகமானால், சில்லும் தொடையெலும்பும் சேரும் மூட்டின்மேல் ஐயம் கொள்ளலாம். சில்லுக்குக் கீழே விரல்நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில் மட்டும் வலித்தால் அது தசைநாண் வலியாக இருக்கலாம். குதித்து ஆடும் விளையாட்டுக்காரர்களிடம் இது அதிகம். புட்டத்திலிருந்து முட்டிக்குக் கீழே இறங்கி மரத்துப்போகும் வலி முதுகுத்தண்டு நரம்பிலிருந்து வருவதாக இருக்கலாம். பயிற்சிக்குப் பின் 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சமடையும் தசைவலி, பழக்கமில்லாத உழைப்பால் வருவது. சில நாளில் தானே தணியும்.

இரு கால்களும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பவர்கள் அரிது. கால் நீளத்தில் சில மில்லிமீட்டர் வேறுபாடு பெரும்பாலோருக்கு உண்டு. தொடையெலும்பின் கழுத்து முறுகியிருக்கும் கோணமும் பக்கத்துக்குப் பக்கம் மாறலாம். ஆகவே ஒரு பாதம் சற்று வெளியே திரும்பி நிற்பதே சிலருக்கு இயல்பு. அதை இழுத்துப் பிடித்து நேராக்கப் பார்ப்பது தேவையற்ற வேலை.

அதிகம் கவனிக்கப்படாத இடம் கணுக்கால். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, பெருவிரலைச் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். குதிகால் தரையை விட்டு எழாமல் முட்டியால் சுவரைத் தொட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கால் எளிதாகத் தொட்டு, மற்றது 6 சென்டிமீட்டருக்கு வந்தால்தான் தொடுகிறதென்றால், குந்தும்போது இடுப்பு திரும்புவதற்கான காரணம் அங்கே இருக்கக்கூடும். பின்னாலிருந்து கைபேசியில் படமெடுத்துப் பார்ப்பதும் உதவும். வெறுங்கையோடு குந்தும்போதே சாய்வு தெரிந்தால் மூட்டின் இறுக்கத்தையும், பாரம் ஏறியபின் மட்டும் தெரிந்தால் வலுக்குறைவையோ பழைய காயத்தையோ முதலில் ஆராய்வது நல்லது.

முட்டி கால்விரலைத் தாண்டக்கூடாது என்ற விதி இன்றும் பல ஜிம்களில் சொல்லப்படுகிறது. 2003இல் ஃப்ரை, ஸ்மித், ஷில்லிங் ஆகிய மூவரும் 7 ஆண்களிடம் செய்த ஆய்வில், முட்டி முன்னே போகாமல் பலகை வைத்துத் தடுத்தபோது முட்டியின் திருப்புவிசை சுமார் 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117 ஆகக் குறைந்தது. இடுப்பில் அது 28லிருந்து 300க்கு மேல் ஏறியது. முட்டியில் குறைந்த சுமையைவிடப் பல மடங்கு இடுப்பில் கூடிவிட்டது. ஆழமாகக் குந்தினால் முட்டியின் இணைநார்கள் தளரும் என்று 1961இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் கிளைன் எழுதியதையும் பிந்தைய ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை.

வலி வந்ததும் அடியோடு நிறுத்துவதைவிட, ஆழத்தையும் எடையையும் குறைத்துத் தொடர்வதே பெரும்பாலோருக்கு நல்லது. பயிற்சியின்போது தாங்கக்கூடிய அளவில் வலித்து, மறுநாளுக்குள் பழைய நிலைக்கு வந்தால் அந்த அளவு சரி. கணுக்கால் இறுகியவர் குதிகாலின்கீழ் மெல்லிய பலகை வைத்துக்கொண்டு, கெண்டைக்கால் தசையை நீட்டிப் பழகலாம். சில்லு வலிக்கு முட்டிப் பயிற்சியோடு இடுப்புப் பயிற்சியும் சேர வேண்டும்; தொடையின் உள்பக்கத் தசையை மட்டும் தனியே பிரித்து வலுவாக்கலாம் என்பதற்கு நல்ல சான்று இல்லை. வலுக்குறைந்த காலுக்கு ஒற்றைக்கால் பயிற்சியைக் கொடுத்து, அது எத்தனை முறை முடிக்கிறதோ அத்தனையோடு மற்றக் காலையும் நிறுத்துவது எளிய வழி. காயம்பட்ட காலை அசைக்கவே முடியாதபோதும் நல்ல காலுக்குப் பயிற்சி கொடுப்பது வீணாகாது. ஒரு பக்கம் பழகினால் மறுபக்கமும் ஓரளவு வலுப்பெறும் என்பதை யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்க்ரிப்சரின் குழு 1894இலேயே காட்டியது.

முட்டி பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தாலோ பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். பின்னது ரத்த உறைவாக இருக்கலாம். பழக்கமில்லாதவர் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் குந்தி எழுந்தால் தசை இழைகள் சிதைந்து, அவற்றின் புரதம் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். தண்டனையாகப் பிள்ளைகளை எண்ணிக்கையில்லாமல் தோப்புக்கரணம் போடவைப்பது இதனால் உயிருக்கே ஆபத்தானது. தொடை கடுமையாக வீங்கி, சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.