அலாய் சக்கரத்தில் ஓரக்கல் சிராய்ப்பு: எது அழகுப் பழுது, எது ஆபத்து?

புதுடெல்லி: நெரிசல் மிகுந்த கடைவீதியில் காரை ஓரங்கட்டும்போது 'கரகர'வென்று ஓர் ஒலி எழுகிறது. இறங்கிப் பார்த்தால், கறுப்பு வெள்ளை வண்ணம் பூசிய நடைபாதை ஓரக்கல்லில் உரசிய சக்கரத்தின் விளிம்பு விரல் நீளத்துக்குச் சுரண்டப்பட்டிருக்கிறது. இந்தியாவில் ஓட்டுநர் இருக்கை வலப்புறம் இருப்பதால், அவரது பார்வைக்கு எட்டாத இடப்பக்கச் சக்கரங்களுக்கே இந்தக் காயம் எளிதில் ஏற்படுகிறது.

இரும்புச் சக்கரமும் பிளாஸ்டிக் மூடியும் இருந்த கார்களில் இது பெரிய சிக்கலாக இருந்ததில்லை. மூடியை மாற்றினால் போதும். அலாய் சக்கரங்களில் அந்த வசதி இல்லை. மேலும், தோற்றத்துக்காகச் சக்கரத்தின் விட்டம் பெரிதாகப் பெரிதாக டயரின் பக்கச்சுவர் குட்டையாகிறது. 185/65 அளவுள்ள டயரின் பக்கச்சுவர் ஏறத்தாழ 120 மில்லிமீட்டர் உயரம் கொண்டது. 215/45 டயரில் அது 97 மில்லிமீட்டர்தான். ஓரக்கல்லுக்கும் உலோகத்துக்கும் இடையே இருக்கும் ரப்பர் அவ்வளவு குறைந்துவிடுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது

சிராய்ப்பைச் சரிசெய்வதற்கு முன், அது சிராய்ப்பு மட்டும்தானா என்பதை உறுதிசெய்ய வேண்டும். பெரும்பாலான கார்களின் அலாய் சக்கரங்கள், அலுமினியத்துடன் சுமார் 7 விழுக்காடு சிலிக்கானும் சிறிதளவு மக்னீசியமும் சேர்த்து வார்க்கப்பட்டவை. இரும்பு வளைந்து கொடுக்கும். வார்ப்பு அலுமினியமோ ஓரளவுக்கு மேல் வளையாமல் விரிசல் விடும். அந்த விரிசல் பெரும்பாலும் வெளியே தெரியும் முகப்பில் இருக்காது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் மட்டுமே தென்படும் உட்புற விளிம்பில் இருக்கும்.

காற்றழுத்தம் சில நாட்களுக்கு ஒருமுறை குறைந்துகொண்டே வந்தாலோ, குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் அதிர்ந்தாலோ ஐயம் கொள்ளலாம். பஞ்சர் கடையில் சோப்பு நீரை விளிம்பைச் சுற்றித் தடவினாலே காற்றுக் கசிவு குமிழிகளாக வெளிப்படும். பேலன்சிங் இயந்திரத்தில் சுழற்றும்போது விளிம்பு மேலும் கீழும் அலைகிறதா என்பதும் தெரிந்துவிடும். டயரின் பக்கச்சுவரில், குறிப்பாக உட்பக்கத்தில், கொப்புளம் போன்ற வீக்கம் இருந்தால் உள்ளே இழைகள் அறுந்துள்ளன என்று பொருள். அந்த டயரை மாற்றியே ஆக வேண்டும்.

விரிசல் கண்ட சக்கரத்தைப் பற்றவைத்துப் பட்டி பூசி மறைத்துத் தரும் கடைகளும் உண்டு. வார்ப்புக்குப் பின் சுமார் 540 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, உடனே குளிர்வித்து, மீண்டும் மிதமான வெப்பத்தில் மணிக்கணக்கில் வைத்திருந்துதான் தொழிற்சாலையில் இந்த உலோகத்துக்கு வலிமை ஏற்றப்படுகிறது. பற்றவைப்பின் சூடு அந்த வலிமையைச் சுற்றியுள்ள பகுதியில் குலைத்துவிடுகிறது. பளபளப்பான புதிய பூச்சு அதை வெளிக்காட்டாது என்பதுதான் இதில் உள்ள அபாயம்.

பட்டியும் உப்புத்தாளும்

வண்ணம் பூசிய சக்கரத்தில் ஏற்பட்ட மேலோட்டமான சிராய்ப்பைப் பொறுமை உள்ளவர்கள் வீட்டிலேயே சீராக்க முடியும். வேலையில் பாதி, கழுவுவதில்தான் இருக்கிறது. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் துகள்களும் எண்ணெய்ப் பிசுக்கும் எஞ்சியிருந்தால் எந்த வண்ணமும் ஒட்டாது. கறை போக வேண்டும் என்பதற்காகக் கழிவறை கழுவும் அமிலத்தைப் பயன்படுத்துவது தவறு. அது அலுமினியத்தையே அரிக்கும்.

காற்றைச் சிறிது குறைத்து, டயருக்கும் விளிம்புக்கும் இடையே பழைய சீட்டுக்கட்டுகளை வரிசையாகச் செருகுவது எளிய உத்தி. டயரில் வண்ணம் படாது, டேப் ஒட்டும் தொல்லையும் இல்லை. பின்னர் துருத்தி நிற்கும் உலோகப் பிசிறுகளை 80 எண் உப்புத்தாளால் மழுக்கி, 240, 400 என்று படிப்படியாக மென்மையான தாளுக்கு மாற வேண்டும். காயத்தின் எல்லையைத் தாண்டிச் சிறிது தூரம் வரை பழைய பூச்சையும் சரிவாகத் தேய்த்தால்தான் புதிய வண்ணத்தின் விளிம்பு கோடாகத் தெரியாது. ஆழமற்ற கீறல் தேய்ப்பிலேயே மறைந்துவிடும். குழிகளுக்கு மட்டும் அலுமினியத் துகள் கலந்த எபாக்சி பட்டியை மெல்லிதாகப் பூசி, கெட்டியான பின் மீண்டும் தேய்க்கலாம். டயர் பதிந்து காற்றைத் தாங்கும் பகுதியில் பட்டி பூசக் கூடாது.

அதன்மேல் பிரைமர், வண்ணம், கிளியர் கோட் என மூன்றும் மெல்லிய படலங்களாகத் தெளிக்கப்படுகின்றன. மழைக்கால ஈரப்பதத்தில் தெளித்தால் மேற்பூச்சு பால் போல வெளுத்துப்போகக்கூடும். தேய்க்கும் தூசியும், கடினமாக்கி கலந்த கிளியர் கோட்டின் ஆவியும் நுரையீரலுக்குக் கேடு. பின்னதற்குச் சாதாரணத் துணி முகக்கவசம் போதாது. போல்ட் அமரும் குழிகளிலும், சக்கரம் அச்சுடன் சேரும் தட்டையான பரப்பிலும் வண்ணம் படியவே கூடாது. தடித்த படலம் நசுங்கினால் போல்ட்டின் இறுக்கம் தளரும்.

'டைமண்ட் கட்' வேறு கதை

அண்மைக் கால மாடல்களில் பரவலாகியுள்ள, வெள்ளியாய் மின்னும் முகப்பு கொண்ட சக்கரங்களில் மேற்கண்ட முறை பலிக்காது. அந்த மின்னல் வண்ணத்தால் வருவதன்று. லேத்தில் கடைந்த உலோகமே மேலே தெரிகிறது, அதன்மீது நிறமற்ற பூச்சு மட்டும் உண்டு. ஓரிடத்தில் பட்டி பூசினால் திட்டாகத் தெரியும். கணினி வழி லேத்தில் முகப்பு முழுவதையும் மீண்டும் கடைய வேண்டும். ஒவ்வொரு முறையும் சிறிது உலோகம் கழிவதால், ஒரு சக்கரத்தை இவ்வாறு ஒருசில முறைக்கு மேல் கடைய இயலாது.

நிறமற்ற பூச்சு கீறப்பட்ட இடத்தை அப்படியே விட்டுவைப்பதும் நல்லதன்று. அதன் அடியில் ஈரம் புகுந்து, வெண்புழு ஊர்ந்தது போன்ற அரிப்புக் கோடுகள் பரவும். சென்னை, மும்பை, விசாகப்பட்டினம் போன்ற உப்புக்காற்று நகரங்களில் இது இன்னும் விரைவாக நிகழும்.

பவுடர் கோட்டிங் செய்வோர் கவனிக்க வேண்டியது வெப்பம். பொதுவாக 180 முதல் 200 டிகிரி வரையிலான அடுப்பில் இப்பூச்சு பதப்படுத்தப்படுகிறது. முறையாக ஒருமுறை செய்தால் கேடில்லை. ஆனால் பழைய பூச்சை நீக்குவதற்காகச் சக்கரத்தைக் கடுமையான தீயில் எரிக்கும் கடைகளைத் தவிர்ப்பதே நல்லது. காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் உணரி இருந்தால் முன்பே கழற்றிவிட வேண்டும்.

சக்கரத்தை மாட்டும்போது போல்ட்டுகளை நட்சத்திர வடிவ வரிசையில், காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை சரிபார்ப்பது வழக்கம். பேலன்சிங்கும் புதிதாகச் செய்தாக வேண்டும்.

காப்பீடு கோரலாமா?

விரிவான காப்பீடு இருந்தாலும், சிறு சிராய்ப்புக்கு இழப்பீடு கோருவது பெரும்பாலும் நட்டமே. 1,500 சிசி வரையிலான கார்களுக்கு முதல் 1,000 ரூபாயையும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 2,000 ரூபாயையும் உரிமையாளரே ஏற்க வேண்டும். அத்துடன், கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்கு 20 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை உயரும் பிரீமியத் தள்ளுபடியும் கைவிட்டுப் போகும். ஓரக்கல்லில் மோதியதில் சக்கரம் விரிசல் விட்டு, சஸ்பென்ஷனும் பழுதாகியிருந்தால் கணக்கு மாறும். அப்போதும் டயருக்கான இழப்பீடு அடிப்படைப் பாலிசியில் மாற்றுச் செலவின் 50 விழுக்காட்டுடன் நின்றுவிடும். கார் வாங்கிய பின் வெளிக்கடையில் பொருத்திய அலாய் சக்கரங்களைக் காப்பீட்டு நிறுவனத்திடம் தனியாக அறிவித்து, அதற்கான பிரீமியத்தையும் செலுத்தியிருந்தால்தான் அவை பாதுகாப்பு வளையத்துக்குள் வரும்.