உமிச்சாம்பல் சிலிக்கா

உமிச்சாம்பல் சிலிக்கா என்பது நெல் உமியை எரித்த பின் எஞ்சும் சாம்பலில் இருந்து பெறப்படும் சிலிக்கன் டைஆக்சைடு ஆகும். நெற்பயிர் மண்ணில் இருந்து உறிஞ்சும் சிலிக்கன் உமியில் செறிந்து படிகிறது. இதனால் முழுமையாக எரிந்த உமிச்சாம்பலின் எடையில் 85 முதல் 95 விழுக்காடு வரை சிலிக்காவாக உள்ளது. பயிர்க்கழிவுகளில் இருந்து சிலிக்கா பெறும் வழிகளில் மிகுதியாக ஆராயப்பட்டதும் தொழில்முறையில் பயன்படுத்தப்படுவதும் இதுவே. சிமெண்டு, டயர், எஃகு, நீர் வடிகட்டி, மின்கலம் முதலிய துறைகளில் இது பயன்படுகிறது அல்லது ஆராயப்படுகிறது.

ஒரே உமியில் இருந்து பயனுள்ள படிகமற்ற சிலிக்காவும் பெறலாம், நுரையீரலுக்குத் தீங்கு செய்யும் படிகச் சிலிக்காவும் உண்டாகலாம். இவ்விரண்டில் எது கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் எரிக்கும் வெப்பநிலையும் எரியும் நேரமுமே முடிவு செய்கின்றன.

நெற்பயிரும் சிலிக்கனும்

மண்நீரில் சிலிக்கன் சிலிசிக் அமிலமாகக் கரைந்துள்ளது. பல தாவரங்கள் இதனைச் சிறிதளவே உறிஞ்சுகின்றன. நெல்லோ தழைச்சத்தைக் காட்டிலும் கூடுதலாகச் சிலிக்கனை எடுத்துக்கொள்ளும் பயிர். நெல் வேரில் சிலிசிக் அமிலத்தைக் கடத்தும் புரதங்களுக்கான இரு மரபணுக்களை, ஜப்பானில் பணியாற்றும் சியான் ஃபெங் மா தலைமையிலான குழுவினர் 2006, 2007 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில் இனங்காட்டினர். முதல் புரதம் மண்நீரில் இருந்து சிலிசிக் அமிலத்தை வேரின் செல்லுக்குள் விடுகிறது. இரண்டாவது புரதம் அதனைச் செல்லில் இருந்து தண்டை நோக்கி வெளியேற்றுகிறது.

வேரில் இருந்து மேலேறும் நீர் இலையிலும் உமியிலும் ஆவியாகும்போது, சிலிசிக் அமிலம் செறிவடைந்து திண்மச் சிலிக்காவாகப் படிகிறது. உமியின் வெளிப்புறத் தோலில் இப்படிவு மிகுதி. இப்படிவுகள் பயிர் சாயாமல் நிற்க உதவுகின்றன. குலைநோயையும் தண்டுத் துளைப்பானையும் தாங்கும் திறனையும் அவை கூட்டுகின்றன. உமியைக் கால்நடைகள் விரும்பி உண்ணாமைக்கும், அது எளிதில் மட்காமைக்கும் இதே சிலிக்கா ஒரு காரணமாகும்.

உமியும் அதன் அளவும்

உமி என்பது நெல்மணியின் கடினமான வெளியுறை. இது அரிசியின் மேற்புறத்தில் இருந்து தீட்டி எடுக்கப்படும் தவிட்டில் இருந்து வேறுபட்டது. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமியாகும். உமியை எரித்தால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சும். எனவே 1000 கிலோகிராம் நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 200 கிலோகிராம் உமியும், அதனை எரித்தால் 40 கிலோகிராம் சாம்பலும் கிடைக்கும்.

உலகில் ஆண்டுக்கு 75 கோடி டன்னுக்கு மேல் நெல் விளைகிறது. இதிலிருந்து ஏறத்தாழ 15 கோடி டன் உமி உண்டாகிறது. உமி மிகவும் இலேசானது. ஒரு கன மீட்டர் உமியின் எடை ஏறத்தாழ 100 கிலோகிராம் மட்டுமே என்பதால் அதனைத் தொலைவுக்கு ஏற்றிச் செல்வது கட்டுபடியாவதில்லை. ஆகவே பெரும்பாலும் ஆலைக்கு அருகிலேயே அது எரிக்கப்படுகிறது. ஒரு கிலோகிராம் உமி 13 முதல் 15 மெகாசூல் வரை வெப்பம் தரும். தமிழகத்தில் நெல் அவிக்கும் ஆலைகளின் கொதிகலன்களிலும் செங்கல் சூளைகளிலும் உமி எரிபொருளாகப் பயன்படுகிறது. பிகார் மாநிலத்தில் 2007 ஆம் ஆண்டில் உமியை வளிமமாக்கி மின்சாரம் எடுக்கும் சிற்றூர் மின்நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது.

எரிக்கும் வெப்பநிலையின் பங்கு

உமியில் உள்ள சிலிக்கா இயல்பில் படிகமற்றது. அதாவது, அதன் சிலிக்கன், ஆக்சிசன் அணுக்கள் நெடுந்தொலைவுக்கு ஒழுங்காக அடுக்கப்படாமல், கண்ணாடியில் இருப்பது போலக் கலைந்து கிடக்கின்றன. 500 முதல் 700 பாகை செல்சியசு வரையிலான வெப்பத்தில் கட்டுப்பாட்டுடன் எரித்தால் இந்நிலை மாறுவதில்லை. செல்லுலோசும் லிக்னினும் எரிந்து வெளியேறிய இடங்கள் நுண்துளைகளாக எஞ்சுகின்றன. இத்துளைகளால் சாம்பலின் உட்பரப்பு பெரிதாகிறது. எரிப்பதற்கு முன் அமிலத்தால் கழுவிய உமியின் சாம்பலில், ஒரு கிராமுக்கு 200 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு அளவிடப்பட்டுள்ளது. பரப்பு கூடக் கூட வேதிவினை விரைவாக நிகழும்.

800 பாகைக்கு மேல் நெடுநேரம் எரியும்போது அணுக்கள் ஒழுங்கமைந்து கிறிசுட்டோபலைட்டு, டிரிடிமைட்டு ஆகிய படிகங்களாகின்றன. நுண்துளைகள் மூடிக்கொள்கின்றன. சாம்பலின் வினைத்திறன் வீழ்கிறது. உமியில் உள்ள பொட்டாசியம் இம்மாற்றத்தை விரைவுபடுத்துகிறது. பொட்டாசியம் சிலிக்காவின் உருகுநிலையைக் குறைத்து, மேற்பரப்பை உருகச் செய்து, எரியாத கரியை உள்ளே அடைத்துவிடுகிறது. பிறகு எவ்வளவு நேரம் எரித்தாலும் அக்கரி நீங்குவதில்லை.

சாம்பலின் நிறத்தைக் கொண்டு அதன் தரத்தை அறியலாம் என்ற கருத்து முழுமையானதன்று. கறுப்பு நிறம் கரி எஞ்சியுள்ளதை மட்டுமே காட்டும். வெண்சாம்பல் படிகமற்றதாகவும் இருக்கலாம், படிகமாகவும் இருக்கலாம். ஊடுகதிர் விளிம்பு விளைவுச் சோதனையில் படிகமற்ற சிலிக்கா அகன்ற மேடு ஒன்றையும், படிகச் சிலிக்கா கூரிய முகடுகளையும் தருவதால் இவ்விரண்டையும் பிரித்தறியலாம்.

பிரித்தெடுக்கும் முறை

தூய சிலிக்கா பெறுவதற்கான பொதுவான படிமுறை பின்வருமாறு:

1. உமியை நீரில் கழுவி மண்ணும் தூசியும் நீக்கப்படுகின்றன.
2. நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலத்தில் அல்லது கந்தக அமிலத்தில் உமி வேகவைக்கப்படுகிறது. பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் முதலியவை கரைந்து வெளியேறுகின்றன.
3. உலர்ந்த உமி 600 பாகை செல்சியசு அளவில் எரிக்கப்படுகிறது.
4. கிடைத்த சாம்பல் சோடியம் ஐதராக்சைடுக் கரைசலில் ஏறத்தாழ 100 பாகை வெப்பத்தில் கொதிக்க வைக்கப்படுகிறது. சிலிக்கா கரைந்து சோடியம் சிலிகேட்டாகிறது. எஞ்சிய கரி வடிகட்டப்படுகிறது.
5. வடிநீருடன் அமிலத்தையோ கார்பன் டைஆக்சைடு வளிமத்தையோ சேர்த்தால் சிலிக்கா வீழ்படிவாகிறது. அது கழுவி உலர்த்தப்படுகிறது.

வெண்மையும் தூய்மையும் கட்டாயமில்லாத இடங்களில் இரண்டாம் படி விடப்படுவது உண்டு.

வழமையான தொழில்முறையில் சோடியம் சிலிகேட்டு, மணலையும் சோடியம் கார்பனேட்டையும் 1300 பாகைக்கு மேல் உருக்கிச் செய்யப்படுகிறது. குவார்ட்சு மணல் காரத்தில் எளிதில் கரையாததே இதற்குக் காரணம். படிகமற்ற உமிச்சாம்பல் கொதிநீரின் வெப்பத்திலேயே கரைந்துவிடுவதால் எரிபொருள் பெருமளவில் மிச்சமாகிறது. படிகமாகிவிட்ட சாம்பலுக்கு இந்த நன்மை இல்லை.

ஐந்தாம் படியில் கார்பன் டைஆக்சைடைப் பயன்படுத்தினால் சோடியம் கார்பனேட்டு உண்டாகும். அதனுடன் சுண்ணாம்பைச் சேர்த்துச் சோடியம் ஐதராக்சைடை மீளப் பெறலாம். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகம் இவ்வகையான முறை ஒன்றை உருவாக்கியது. அமிலக் கழுவலில் வெளியேறும் கழிவுநீர் இத்தொழிலின் ஒரு குறையாகும். வல்லமிலங்களுக்கு மாற்றாகச் சிட்ரிக் அமிலம் போன்றவையும் ஆராயப்பட்டுள்ளன.

பயன்பாடுகள்

- மரபுவழிப் பயன்பாடு: கருக்கிய உமியான உமிக்கரி, தமிழகத்திலும் கேரளத்திலும் பல் துலக்கவும் பாத்திரம் தேய்க்கவும் பயன்பட்டு வந்தது. அதன் தேய்க்கும் தன்மைக்குச் சிலிக்காவே காரணம்.
- கான்கிரீட்டு: சிமெண்டு நீருடன் வினைபுரியும்போது கால்சியம் ஐதராக்சைடு வெளிப்படுகிறது. படிகமற்ற சிலிக்கா இதனுடன் சேர்ந்து கூடுதல் பிணைப்புப் பொருளை உருவாக்கி நுண்துளைகளை அடைக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பி. குமார் மேத்தா 1970களில் இதற்கான காப்புரிமைகளைப் பெற்றார். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2000 ஆம் ஆண்டுக் கான்கிரீட்டு விதித்தொகுப்பு உமிச்சாம்பலையும் ஏற்கத்தக்க சேர்பொருளாகக் குறிப்பிடுகிறது. சாம்பல் நீரை மிகுதியாக உறிஞ்சுவதால் கலவையில் இளக்கிகள் தேவைப்படும்.
- எஃகு: உருகிய எஃகு விரைவில் குளிராமல் இருக்க அதன் மேல் உமிச்சாம்பல் தூவப்படுகிறது.
- டயர்: டயர் இரப்பரில் கரித்தூளுக்கு மாற்றாகச் சிலிக்கா சேர்த்தால் உருளும்போது ஏற்படும் ஆற்றல் இழப்பு குறைகிறது. உமிச்சாம்பலில் இருந்து பெறும் சிலிக்காவைப் பயன்படுத்தப் போவதாகக் குட்இயர் நிறுவனம் 2014 ஆம் ஆண்டில் அறிவித்தது.
- சிலிக்கன்: படிகமற்ற சிலிக்காவை மக்னீசியத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் நுண்துளைச் சிலிக்கன் கிடைக்கும். இதனை இலித்தியம் அயனி மின்கலத்தின் எதிர்மின்வாயாகப் பயன்படுத்தும் ஆய்வைத் தென்கொரிய அறிவியலாளர்கள் 2013 ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.
- நுண்துளைப் பொருட்கள்: 1992 ஆம் ஆண்டில் மோபில் நிறுவன ஆய்வாளர்கள் ஒழுங்கான நானோ துளைகள் கொண்ட சிலிக்காவை உருவாக்கினர். அவ்வகைப் பொருட்களுக்கு மூலப்பொருளாக உமிச்சாம்பலைப் பயன்படுத்தலாம் எனப் பின்னர் காட்டப்பட்டது.

குடிநீரும் நுண்ணுயிர்க்கொல்லி ஆய்வுகளும்

2009 டிசம்பரில் டாட்டா கெமிக்கல்சு நிறுவனம் 'சுவச்' என்னும் நீர் வடிகட்டியை வெளியிட்டது. உமிச்சாம்பலின் மேல் வெள்ளி நானோ துகள்களைப் படியச் செய்த கலம் அதன் அடிப்படையாகும். சாம்பல் வெள்ளித் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் தாங்குகிறது. வெள்ளி பாக்டீரியாக்களைக் கொல்கிறது. மின்சாரமோ குழாய்நீரின் அழுத்தமோ தேவையில்லாமை இதன் சிறப்பாகக் கூறப்பட்டது.

வெள்ளி தாங்கிய சிலிக்காத் துகள்களை மருத்துவத்தில் பயன்படுத்தவும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளுக்குப் பல பாக்டீரியாக்கள் கட்டுப்படாமல் போவதே இதற்குத் தூண்டுதல். எடுத்துக்காட்டாக, சிறுநீர்ப்பாதைத் தொற்று நீரிழிவு நோயாளிகளுக்குக் கூடுதலாகவும் கடுமையாகவும் வருகிறது. நீரிழிவினால் நரம்புகள் பழுதுறும்போது சிறுநீர்ப்பை முழுமையாக வெறுமையாவதில்லை. வெள்ளணுக்களின் திறனும் குறைகிறது. இத்தொற்றை மிகுதியாக உண்டாக்கும் எசரிக்கியா கோலையின் சில வகைகள், செபலோசுபோரின் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. அப்போது மருத்துவருக்கு எஞ்சும் மருந்துகள் சிலவே.

வெள்ளி தாங்கிய சிலிக்கா சோதனைத்தட்டில் இத்தகைய பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் தட்டில் கொல்வதும் நோயாளியின் உடலில் தொற்றைத் தடுப்பதும் ஒன்றல்ல. வெள்ளிக் கலவை பூசிய சிறுநீர் வடிகுழாய்களைப் பிரித்தானிய மருத்துவமனைகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு ஒன்று 2012 ஆம் ஆண்டில் வெளியானது. குறுகிய காலம் குழாய் பொருத்தப்பட்டவர்களிடம், நோய்க்குறியுள்ள தொற்றை அப்பூச்சு குறைக்கவில்லை என்று அது முடிவு கூறியது. வெள்ளிக்கும் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் 1970களிலேயே தீப்புண் சிகிச்சைப் பிரிவில் கண்டறியப்பட்டுள்ளன. ஆகவே இத்துகள்கள் இன்னும் ஆய்வுப்பொருட்களே, மருந்துகள் அல்ல. உமிச்சாம்பலை வீட்டு மருந்தாக உட்கொள்வதற்கு இவ்வாய்வுகள் சான்றாகா.

உடல்நலமும் சுற்றுச்சூழலும்

படிகச் சிலிக்காவின் நுண்தூசியை நெடுங்காலம் மூச்சில் இழுப்பவர்களுக்குச் சிலிக்கோசிசு என்னும் நுரையீரல் தழும்பு நோய் உண்டாகிறது. இதனைக் குணமாக்கும் மருந்து இல்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997 ஆம் ஆண்டில், பணியிடத்தில் மூச்சில் இழுக்கப்படும் குவார்ட்சு, கிறிசுட்டோபலைட்டு ஆகியவற்றை மனிதரில் புற்றுநோய் உண்டாக்குபவை என வகைப்படுத்தியது. படிகமற்ற சிலிக்காவைப் பொறுத்தவரை அவ்வாறு வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்றது.

எனவே வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவது பொருளின் தரத்துக்கு மட்டுமின்றி, சாம்பலை அள்ளும் தொழிலாளியின் உடல்நலத்துக்கும் தேவையானது. சூடு மிகுந்த உலைகளின் சாம்பலைக் கையாளும் இடங்களில் மூடிய கடத்திகள், நீர் தெளித்தல், தகுந்த முகக்கவசம் ஆகியவை தேவை. துணியால் மூக்கை மூடிக்கொள்வது நுண்தூசியைப் போதிய அளவு தடுக்காது. ஆலைகளின் அருகே திறந்தவெளியில் கொட்டப்படும் சாம்பல் காற்றில் பறந்து வீடுகளிலும் நீர்நிலைகளிலும் படிகிறது.

உமியும் வைக்கோலும் வயலை விட்டு முழுவதும் வெளியேறினால், பயிர் எடுத்த சிலிக்கன் மண்ணுக்குத் திரும்புவதில்லை. படிகமற்ற உமிச்சாம்பலை வயலில் இடுவது அதன் ஒரு பகுதியை மீட்கும் வழியாகும்.

பிற பயிர்க்கழிவுகள்

நெல் வைக்கோல், கரும்புச் சக்கை, கோதுமை வைக்கோல், மூங்கில் இலை ஆகியவற்றின் சாம்பலிலும் சிலிக்கா உள்ளது. நெல் வைக்கோலில் பொட்டாசியம் மிகுதி என்பதால் அதன் சாம்பல் எளிதில் உருகி உலையில் ஒட்டிக்கொள்கிறது. கரும்புச் சக்கைச் சாம்பலில் வயல்மணலின் குவார்ட்சு கலந்திருப்பது உண்டு. ஆலையில் ஓரிடத்திலேயே சேர்வது, பிற பொருட்கள் குறைவாகக் கலந்திருப்பது, சிலிக்கா அளவு கூடுதலாக இருப்பது ஆகியவற்றால் உமியே இவற்றுள் முதன்மை பெறுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- நெல்
- சிலிக்கன் டைஆக்சைடு
- சிலிக்கோசிசு
- சோடியம் சிலிகேட்டு
- நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து