கல்லறை முனையில் நங்கூரம்

நம் வட்டத்தின் மாதக் கூட்டம் ஒன்றில் நண்பர் ஒருவர் வடதுருவக் கடலைப் பாடிய கவிதையை வாசித்தார். அந்நிலத்தை மனிதனின் காலடி படாத கன்னிநிலம் என்று அவர் போற்றினார். கவிதையில் நயம் இருந்தது, கைதட்டலும் கிடைத்தது. ஆயினும் வரலாறு படிப்பவன் என்னும் முறையில் எனக்கு ஓர் உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. அதனைப் பத்தாம் ஆண்டு மலரில் எழுதித் தீர்த்துக்கொள்ளும் வாய்ப்பை மலர்க்குழுவினர் அளித்துள்ளனர். நான் அப்பகுதிக்குச் சென்றவனல்லன். நூல்வழி அறிந்தவனே என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நார்வே நாட்டுக்கு வடக்கே, 74 பாகைக்கும் 81 பாகைக்கும் இடையில் கிடக்கும் தீவுக்கூட்டம் ஸ்வால்பார்ட். அதன் பெருந்தீவு ஸ்பிட்ஸ்பெர்கன். கோடையில் அங்கே கதிரவன் மறைவதில்லை; லாங்இயர்பியென் என்னும் சிற்றூரில் ஏப்ரல் பிற்பகுதியில் தொடங்கும் பகல் ஆகஸ்டு பிற்பகுதி வரை நீள்கிறது. அவ்வூரிலிருந்து பயணக்கப்பல்கள் புறப்படும். பயணிகள் ரப்பர்ப் படகுகளில் இறங்கித் துப்பாக்கி ஏந்திய வழிகாட்டியின் பின்னே கரையில் நடப்பர். பனிக்கரடியையும், தந்தம் நீண்ட வால்ரஸ் கூட்டத்தையும், கடற்பறவைகள் அடர்ந்த செங்குத்துப் பாறைகளையும், கடலில் வந்து முடியும் பனியாறுகளின் நீலச் சுவர்களையும் காண்பர். விளம்பர ஏடுகள் இதனைத் ‘தீண்டப்படாத இயற்கை’ என்கின்றன. நம் நண்பரும் அச்சொல்லில்தான் மயங்கியிருக்க வேண்டும்.

(இடையில் கவிஞர்களுக்கு ஒரு சொல்: பனி என்ற ஒரே சொல்லால் நாம் புல்நுனித் துளியையும், மார்கழி மூட்டத்தையும், இமயத்து வெண்மையையும், கடலில் மிதக்கும் மலையையும் குறித்துவிடுகிறோம். முன்பனிக்கும் பின்பனிக்கும் பருவம் வகுத்தவர்களுக்கு உறைந்த கடல் தேவைப்படவில்லை. இக்கட்டுரையில் நிலத்தின்மேல் மெல்ல நகரும் பெரும்பனியைப் பனியாறு என்றும், அது கடலில் முறிந்து மிதப்பதைப் பனிப்பாறை என்றும் வழங்குகிறேன்.)

ஸ்வால்பார்ட்டின் எழுதப்பட்ட வரலாறு 1596ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்குகிறது. சீனத்துக்கும் கிழக்கிந்தியத் தீவுகளுக்கும் வடக்கு வழியே கடற்பாதை தேடிய டச்சு மாலுமி வில்லெம் பாரென்ட்ஸ் கூரிய மலைமுடிகளைக் கண்டார்; அதனாலேயே ‘கூர்மலைகள்’ எனப் பொருள்படும் ஸ்பிட்ஸ்பெர்கன் என்ற பெயர் அமைந்தது. அதற்குச் சில நாள் முன்னர்த் தெற்கே ஒரு சிறுதீவின் அருகில் நீந்திவந்த வெண்கரடியை அவருடைய ஆட்கள் நெடுநேரம் போராடிக் கொன்றனர். அத்தீவுக்குக் கரடித் தீவு என்றே பெயரிட்டனர். ஆக, அக்கடலின் முதற்பெயர்களுள் ஒன்று கொலையிலிருந்து பிறந்தது.

அப்பயணத்தில் அழகான செய்தியும் ஒன்றுண்டு. வாத்தினப் பறவைகளுள் ஒருவகை மரத்தில் காய்த்துக் கடலில் உதிர்ந்து உயிர்பெறுகிறது என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பினர். அவற்றின் கூட்டை அங்கு எவரும் கண்டதில்லை. பாரென்ட்ஸின் ஆட்கள் ஸ்பிட்ஸ்பெர்கன் கரையில் அத்தகைய பறவைகள் முட்டையிட்டு அடைகாப்பதைக் கண்டனர். உடன்சென்ற கெரிட் டி வீர் என்பவர், இனி அந்த மரக்கதைக்கு இடமில்லை என்னும் கருத்துப்பட எழுதிவைத்தார். மறு ஆண்டு பாரென்ட்ஸ் அக்கடலிலேயே இறந்தார்.

1607இல் ஹென்றி ஹட்சன் அவ்விரிகுடாக்களில் திமிங்கிலங்கள் மலிந்திருப்பதாகச் செய்தி கொணர்ந்தார். பிறகு நிகழ்ந்ததைத் தொழில் என்றும் சொல்லலாம், சூறை என்றும் சொல்லலாம். வில்தலைத் திமிங்கிலம் மெல்ல நீந்துவது; கொழுப்பு மிகுதியால் இறந்தபின்னும் மிதப்பது. வேட்டைக்காரனுக்கு இதைவிட வசதி வேறென்ன? அதன் கொழுப்பை உருக்கிய எண்ணெய் ஐரோப்பிய நகரங்களில் விளக்கெரித்தது, சோப்பாயிற்று. வாய்க்குள் வளரும் நெகிழ்தகடுகள் சீமாட்டிகளின் இடுப்புக்கச்சைக்குச் சட்டமாயின. டச்சுக்காரர், ஆங்கிலேயர் முதலியோர் போட்டியிட்டனர். திமிங்கிலம் எறியும் கலையை இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் கூலிக்கு வந்த பாஸ்க் மாலுமிகள்.

ஆம்ஸ்டர்டாம் தீவின் தாழ்ந்த மணற்கரையில் டச்சுக்காரர் அமைத்த உலைக்களம் ஸ்மேரன்பர்க். ‘கொழுப்பூர்’ எனத் தமிழில் சொல்லலாம். பிற்காலத்தார் அங்கே ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தனர், தேவாலயம் இருந்தது, சூதாட்ட விடுதிகள் இருந்தன என்றெல்லாம் எழுதிக் குவித்தனர். 1979 முதல் 1981 வரை டச்சு அறிஞர் லோவ்ரென்ஸ் ஹாகெபோர்டு தலைமையில் அகழ்ந்து பார்த்தபோது வெளிப்பட்டவை ஒரு சில உலைகளும் பதினைந்து இருபது கட்டடங்களுமே. உச்சகாலத்திலும் கோடையில் சுமார் 200 பேர் இருந்திருக்கலாம். நகரம் பற்றிய கதை வளர்ந்ததற்கு வியப்பில்லை. அழிந்த ஊர்களை நம் புலவர்களும் பெரிதாக்கியே பாடியுள்ளனர்.

1633இல் எழுவர் அங்கே குளிர்காலத்தைக் கழித்து உயிரோடு மீண்டனர். அதை நம்பி மறு ஆண்டும் எழுவரை விட்டுச்சென்றனர். அவர்கள் அனைவரும் ஸ்கர்வி நோயால் இறந்தனர். 1660ஐ ஒட்டிக் கொழுப்பூர் கைவிடப்பட்டது. விரிகுடாக்களில் திமிங்கிலங்கள் அருகிவிட்டமையால் வேட்டை நடுக்கடலுக்கு நகர்ந்தது. கரையில் எஞ்சியவை உலைகளின் அடியில் கல்லாய் இறுகிய எண்ணெய்க்கசடும், கல்லறைகளுமே.

1980இல் அப்பகுதிக் கல்லறைகளை ஆராய்ந்தோர், இறந்த மாலுமிகளின் தலையில் கம்பளிக் குல்லாய்கள் அப்படியே இருக்கக் கண்டனர். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் அவை இப்போது வைக்கப்பட்டுள்ளன. கோடுகளும் நிறங்களும் ஒன்றில் இருப்பதுபோல் மற்றொன்றில் இல்லை. குளிருக்கு அஞ்சிக் கண் மட்டும் தெரிய உடலைப் போர்த்திக்கொண்ட மனிதர்கள் ஒருவரையொருவர் குல்லாயின் கோட்டைக் கொண்டே அடையாளம் கண்டனர் என்று அருங்காட்சியகத்தார் விளக்குகின்றனர். இக்கட்டுரைக்காகப் படித்தவற்றுள் என் மனத்தைவிட்டு நீங்காத செய்தி இதுவே.

1773இல் ஆங்கிலக் கடற்படை வடதுருவம் நோக்கி இரு கப்பல்களை அனுப்பியது. தலைவர் கான்ஸ்டன்டைன் ஃபிப்ஸ். வடகோடியிலுள்ள ஏழு தீவுகளின் அருகே கப்பல்கள் உறைகடலில் சிக்கி, பின் தப்பின. அக்கப்பலொன்றில் ஹொரேஷியோ நெல்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவன் இருந்தான். தந்தைக்குக் கரடித்தோல் கொண்டுபோக விரும்பி, சுடாத துப்பாக்கியோடு கரடியை எதிர்த்தான் என்ற கதை அவன் புகழ்பெற்ற பின் பரவியது. கதையின் உண்மை எவ்வாறாயினும், ஃபிப்ஸ் 1774இல் வெளியிட்ட நூலில்தான் பனிக்கரடி தனியினமாக அறிவியல் முறையில் விவரிக்கப்பட்டது. ஏழு தீவுகளுள் ஒன்று இன்றும் ஃபிப்ஸ் தீவு எனப்படுகிறது. இப்பெயரை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கொல்வதற்கன்றிக் காண்பதற்கென்று வந்தோருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் ஒரு பெண். 1839இல் பிரெஞ்சு அரசின் ஆய்வுக்கப்பலில், ஓவியர் பியாரின் துணையாக லியோனி தோனே என்ற பத்தொன்பது வயது மங்கை மக்தலேனா விரிகுடாவுக்கு வந்தார். கற்குவியலின் கீழ்த் திமிங்கில வேட்டைக்காரர்களின் பெட்டிகள் பிளந்து கிடந்ததைக் கண்டார். 1854இல் அவருடைய பயணநூல் வெளிவந்தது. பியார் வரைந்த அவ்விரிகுடாவின் காட்சி, ‘கல்லறை முனையிலிருந்து’ கண்டதாகத் தலைப்புற்று லூவரில் உள்ளது. இலக்கிய வரலாற்றிலோ லியோனியைப் பெரும்பாலும் விக்டர் ஹியூகோவின் காதலியாகவே குறிப்பிடுகின்றனர். அது அவருக்குச் செய்த நீதியாகாது.

1856இல் தமது சிறு பாய்க்கப்பலில் ஐஸ்லாந்து வழியாக ஸ்பிட்ஸ்பெர்கன் வந்து, மறு ஆண்டே அதை நகைச்சுவை ததும்ப நூலாக்கிய இளம் பிரபு ஒருவர் நமக்குப் புதியவர் அல்லர். 1884 முதல் 1888 வரை இந்தியாவின் வைசிராயாக இருந்து, காங்கிரசாரை உருப்பெருக்கியால் காண வேண்டிய சிறுபான்மையினர் என்று எள்ளிய டஃபரின் பிரபுவே அவர். அவரும் அக்கரையில் திறந்துகிடந்த பெட்டிக்குள் எலும்புக்கூட்டைக் கண்டு திகைத்தார். அவரது நூலைப் படித்த செல்வர் பலருக்கு வடகடல் ஒரு கோடைக்கால ஆசையாயிற்று. வேட்டைப் பிரியர்களும் வந்தனர். அவர்களுள் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் லாமொன்ட் எழுதிய நூலில், 1852இல் ஆயிரந்தீவுகளுள் ஒன்றில் பதினாறு பேர் சில மணி நேரத்தில் தொள்ளாயிரம் வால்ரஸ்களைக் குத்திக் கொன்ற செய்தி வருகிறது. பிணங்களின் நாற்றத்தால் அவ்விடத்துக்குப் பிறகு வால்ரஸ்கள் வரவில்லையாம். கொன்றவற்றுள் பெரும்பகுதியை அவர்களால் ஏற்றிச்செல்லவும் இயலவில்லை.

முறையான சுற்றுலாக் கப்பல்கள் 1890களில் தொடங்கின. அவற்றை நடத்தியோருள் ஜெர்மானியர் வில்ஹெல்ம் பாடே குறிப்பிடத்தக்கவர். 1869இல் புறப்பட்ட ஜெர்மன் துருவப் பயணத்தில் கப்பல் நொறுங்க, தோழர்களோடு இருநூறு நாள்போல் மிதக்கும் பனித்தட்டில் அலைந்து பிழைத்தவர் அவர். அத்தகையவர் அதே வடகடலுக்குப் பயணச்சீட்டு விற்றார்! 1896இல் நார்வேக் கப்பல் நிறுவனமொன்று வாரந்தோறும் நீராவிக்கப்பல் விட்டதோடு, அட்வென்ட் விரிகுடாக் கரையில் ஒரு மரவிடுதியும் கட்டியது. வாடிக்கையாளர் போதாமையால் இரு கோடைகளோடு அது மூடப்பட்டது. கரைக்கு மட்டும் விடுதிமுனை என்ற பெயர் நிலைத்தது. இன்றைய விமானநிலையம் அதன் அருகில்தான். அக்கோடைகளின் பெருங்காட்சி ஆந்த்ரேயின் பலூன். 1897 ஜூலை 11ஆம் நாள் மூவர் அதில் துருவம் நோக்கி எழுந்தனர்; அவர்களுடைய உடல்கள் 1930இல் வெண்தீவில் கிடைத்தன.

1920 பிப்ரவரி 9ஆம் நாள் பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கையால் ஸ்வால்பார்ட் நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்டது. 1925இல் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டிஷ் பேரரசின் உறுப்பாக இந்தியாவின் பெயரும் அதில் உண்டு. அடிமை நாட்டின் பெயரில் பிறர் இட்ட அக்கையெழுத்து 2008இல் இந்தியா நி-ஓலசுண்டில் ‘ஹிமாத்ரி’ ஆய்வுநிலையத்தைத் திறந்தபோது பொருள்பெற்றது எனலாம். துருவமானுக்கு 1925இலும், வால்ரஸுக்கு 1952இலும், பனிக்கரடிக்கு 1973இலும் பாதுகாப்புக் கிட்டியது. சட்டம் வந்தபோது வால்ரஸ் ஏறத்தாழ ஒழிந்தே போயிருந்தது. இப்போது ஆயிரக்கணக்கில் மீண்டுள்ளது. ஆகவே, படகிலிருந்து பயணி படமெடுக்கும் வால்ரஸ் கூட்டம் தொன்றுதொட்டு அங்கே உறங்கிக்கிடந்ததன்று. ஒரு சட்டத்தின் வயதே அக்கூட்டத்தின் வயது. வில்தலைத் திமிங்கிலமோ அவ்வாறு மீளவில்லை. பல்லாயிரம் வாழ்ந்த அக்கடலில் இன்று காண்பவை சில நூறே. அவையும் பெரும்பாலும் பனிவிளிம்பை ஒட்டி ஒதுங்கி வாழ்கின்றன.

பனியாறுகளின் கணக்கு வேறு. தீவுகளின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் இன்னும் பனியாறுதான். லீஃப்டெ விரிகுடாவில், கடலாய்வு செய்த மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பெர்ட்டின் நினைவாகப் பெயர்பெற்ற மொனாக்கோ பனியாறு, அண்டைப் பனியாற்றோடு ஒரே முகமாகக் கடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. பின்வாங்கியதில் இரண்டும் பிரிந்தன. பழைய வரைபடத்தில் பனியாறு என்றிருக்கும் இடத்தில் இன்று கப்பல் மிதக்கிறது. 2024 ஆகஸ்டில் லாங்இயர்பியெனின் சராசரி வெப்பம் 11 பாகையை எட்டியது. அத்திங்களுக்கு அங்கே அதுவரை காணாத வெப்பம் அது. காணச் செல்வோரின் கப்பல் எரிக்கும் எண்ணெய்க்கும் இதில் பங்குண்டு என்பதை அச்செலவு மேற்கொள்வோரே அறிவர், அறிந்தும் செல்கின்றனர். அவர்களைப் பழிக்க எனக்கு உரிமையில்லை. வாய்த்தால் நானும் செல்வேன்.

2018 ஜூலையில் பயணக்கப்பலொன்று ஏழு தீவுகளுக்கு வந்தது. பயணிகளை இறக்குமுன் கரையைச் சோதிக்கச் சென்ற காவலர்களுள் ஒருவரைக் கரடி தாக்கியது. மற்றவர்கள் அதனைச் சுட்டுக் கொன்றனர். நிகழ்ந்த இடம் ஃபிப்ஸ் தீவு. 2025 ஜனவரி முதல் கரடிக்கு 300 மீட்டருக்குள்ளும், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டருக்குள்ளும் எவரும் நெருங்கலாகாது. காப்பிடங்களில் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் செல்லலாகாது. அங்கே இறங்கவும் 43 இடங்களே உண்டு.

மக்தலேனா விரிகுடாவின் கல்லறை முனை, கப்பல்கள் இன்றும் நங்கூரமிடும் இடம். லியோனி நடந்த அக்கற்குவியல்களைச் சுற்றி இப்போது வேலி உண்டு. பயணிகள் வெளியே நின்று பார்ப்பர். ஆம்ஸ்டர்டாம் தீவுக்கு அண்மையில் லிக்னெசெட் என்னும் மற்றொரு முனையில் அண்மைக்காலத்தில் மீண்டும் அகழ்ந்த ஆய்வாளர்கள், உறைமண் இளகிக் கல்லறைகள் சரிவதையும், முந்நூறு ஆண்டு கெடாதிருந்த கம்பளித் துணிகள் நைந்து கரைவதையும் கண்டுள்ளனர். எந்தக் குல்லாய் எவனுடையது என்று சொல்லும் கோடுகளும் அவற்றோடு போகின்றன.